கவர் மாறிய சீட்டு

"புதன்கிழமை வீட்டைக் காலி செய்கிறேன். சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போவேன். இப்படிக்கு."

சீட்டில் இருந்தது அவ்வளவுதான். திங்கட்கிழமை காலை சலவைக் கடைக்கு வந்து, நீல மேல்கோட்டை மாட்டிக்கொண்டு பையில் கையை விட்டபோது அகப்பட்டது. பாக்கெட்டுக்காரர், அதாவது அந்தக் கடையில் துணிகளின் பைகளைச் சோதிக்கிறவர், நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். மூன்று வரியைப் படித்து முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது. இன்னொரு தரம் படித்தார். இரண்டாம் தரமும் அதேதான் எழுதியிருந்தது.

எழுதியவன் மச்சினன், மறைந்த மனைவியின் தம்பி. கல்யாணம் என்று ஒன்று செய்துகொள்ளாமல், அக்கா வீட்டில் ஓர் அறையே போதும் என்று பதினோரு வருஷத்துக்கு முன்னால் பெட்டியோடு வந்தவன். அக்கா போய்ச் சேர்ந்தாள். மிஞ்சியது இரண்டு கிழங்கள். அவள் போன மறுவருஷம் யாரோ கேட்டார்கள் என்று அவளுடைய தையல் மெஷினை இவர் தூக்கிக் கொடுத்துவிட்டார். "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அத்தான்" என்றான் மச்சினன். "என் வீடு, என் பொருள், உன்னை என்ன கேக்குறது" என்றார் இவர். வாய் தவறி வந்ததில்லை, வேண்டுமென்றே சொன்னது. சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டார். கடித்த நாக்கை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது? அன்றோடு பேச்சு நின்றது. மூன்று வருஷம் ஆகிறது.

பேச்சு நின்றால் பால் தீராமல் நிற்குமா? மச்சினன் சீட்டு எழுத ஆரம்பித்தான். ஒரு கிடங்கு ஆபீசில் முப்பது வருஷம் கடிதம் டைப் அடித்தவன், அந்த வழக்கம் கையை விட்டுப் போகவில்லை. "பால் தீர்ந்துவிட்டது. இப்படிக்கு." "குழாயை இறுக்கித் திருக வேண்டாம், வாஷர் போய்விட்டது. இப்படிக்கு." கீழே பெயர் போட மாட்டான். வீட்டில் இருப்பதே இரண்டு பேர், இதில் பெயர் எதற்கு? இவர் ராத்திரி வீட்டுக்குக் கொண்டுவருகிற கடைக் கோட்டின் பையில் சீட்டை வைத்துவிடுவான். இவர் பதில் எழுத மாட்டார். பால் வாங்கி வைப்பார், அதுதான் பதில். படித்த சீட்டைக் கிழித்துச் சமையலறைக் குப்பைக்கூடையில் போடுவார், அதுதான் ரசீது. எழுதுகிற தாளும் இவர் கடையிலிருந்து கொண்டுபோவதுதான். அச்சு சரியாக விழாத ரோஸ் நிற பில்லுகள், பின்பக்கம் வெறுமையாக இருக்கும்.

இப்போது அதே ரோஸ் தாளில் காலி செய்கிறேன் என்கிறான்.

"என்ன பெரியவரே, அடி வாங்கின மாதிரி நிக்கிறீங்க?" என்றாள் இஸ்திரி போடுகிறவள். நாற்பது வயசு இருக்கும், வாய் மட்டும் இருபது.

"ஒண்ணுமில்ல. வீட்டைக் காலி பண்றானாம்."

"யாரு, அந்த ஊமை மாப்பிள்ளையா? தொல்லை விட்டுதுன்னு இருங்க."

"ஆமா. நிம்மதிதான்."

நிம்மதி அவர் முகத்தில் எந்த மூலையிலும் இல்லை. ஏன் போகிறான் என்று மண்டையைக் குடைந்துகொண்டார். பால் சரியாகத்தான் வாங்கி வைத்தார். குழாய்க்கு வாஷரும் போட்டாயிற்று. ஒரு வாரமாகவே ஆள் சரியில்லை. விடியற்காலையில் குப்பைக்கூடை முன்னால் குந்தி உட்கார்ந்து எதையோ கிளறிக்கொண்டிருந்தான், இரண்டு மூன்று நாள் கண்ணால் பார்த்தார். பல் செட்டைத் தொலைத்துவிட்டான் போல என்று நினைத்துக் கடந்து போனார். கேட்டிருக்கலாம். ஆனால் கேட்பதென்றால் வாயைத் திறக்க வேண்டுமே.

வேலையைப் பார்த்தார். அவர் வேலை பைகளைச் சோதிப்பது. சலவைக்கு வருகிற ஒவ்வொரு உடுப்பும் மெஷினுக்குள் போகும் முன் அவர் கைக்கு வரும். எல்லாப் பைக்குள்ளும் விரலை விட்டு இருப்பதை எடுப்பார். டிக்கெட், சீப்பு, பித்தான், மிட்டாய்த் தாள், ஒரு தரம் யாருடைய கல்யாண மோதிரமோ. எடுத்ததைச் சின்னக் கவரில் போட்டு, டோக்கன் நம்பரை எழுதி, பில்லோடு பின் அடித்துவிடுவார். ஒரு குண்டூசியாக இருந்தாலும் உடையவருக்குத் திரும்பிப் போக வேண்டும். இன்னொரு விதியும் வைத்திருந்தார், அது முதலாளி சொன்னதில்லை, அவராகப் போட்டுக்கொண்டது: அடுத்தவர் காகிதத்தைப் படிக்கக் கூடாது. இருபத்தாறு வருஷத்தில் ஒருவர் பொருள் இன்னொருவர் கவருக்குள் போனதில்லை என்பது அவருடைய ஒரே ஜம்பம்.

பத்தரை மணிக்குக் கதைக்காரம்மா வந்தாள்.

இந்தம்மா ஒரு பத்திரிகையின் ஞாயிறு இணைப்பில் வாரம் ஒரு கதை எழுதுகிறவள். ஐம்பது தாண்டியவள். தலை என்றைக்கும் பாதி வாரியபடிதான் இருக்கும். அவளுடைய பழுப்புக் கோட்டுப் பை ஒரு குப்பைத்தொட்டி. பஸ்ஸில் நின்றுகொண்டே எதையாவது கிறுக்குவாள், கையில் அகப்பட்ட தாளில் கிறுக்குவாள். கோட்டுக்குள் எப்போதும் கிடப்பது இந்தக் கடையின் பழைய பில் என்பதால் பெரும்பாலும் அதன் பின்பக்கத்தில். மடித்துப் பையில் போட்டு மறந்துவிடுவாள். பாக்கெட்டுக்காரர் அதையெல்லாம் கவரில் போட்டுத் திருப்பிக் கொடுப்பார். கொடுப்பாரே தவிர ஆளை நம்ப மாட்டார். பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் இருப்பவன் பெண்டாட்டியோடு போனில் சண்டை போட்டால் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டு, அதை அச்சில் ஏற்றிப் பிழைக்கிற பிழைப்பு, இது ஒரு பிழைப்பா என்பது அவர் கட்சி. அவள் பக்கத்தில் வந்தாலே வீட்டு விஷயத்தை முழுங்கிவிடுவார்.

அன்றைக்குக் கையில் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையோடு வந்து, மேஜை மேல் அவர் முன்னாலேயே விரித்தாள்.

"இந்தக் கதை உங்களாலதான் வந்துச்சு. ஒரு நன்றி சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"நான் என்ன பண்ணேன்?" என்றார் அவர், திருட்டுப் பழி சுமத்தப்பட்டவர் போல.

இஸ்திரிக்காரி பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தாள். "நானும் கேக்கணும்னே இருந்தேம்மா. வாரா வாரம் எங்கேருந்துதான் பிடிக்கிறீங்க?"

"எல்லாரும் இதைத்தான் கேக்கறாங்க. மேடையில கேட்டா மனசு, வாழ்க்கை, அனுபவம்னு பெரிசா ஏதாவது சொல்லித் தப்பிச்சுக்குவேன். உங்ககிட்ட உண்மையைச் சொல்றேன். பாக்கெட்லருந்துதான். எழுதிப் போட்டுட்டு மறந்துடறேன். இவர் கவர்ல திருப்பித் தரும்போது, அது யாரோ எனக்கு எழுதின மாதிரி புதுசா இருக்கு. அந்தப் புதுசுலதான் கதை பிடிக்குது. தலைக்குள்ளயே இருந்தா ஊசிப்போயிடும்."

"இவர் எல்லார் பாக்கெட்டையும் துழாவறாரு, இவருக்கு ஒரு கதையும் பிடிக்கலையே."

"எனக்குப் பித்தான்தான் பிடிக்குது" என்றார் பாக்கெட்டுக்காரர்.

கதைக்காரம்மா சிரித்துவிட்டுக் கைப்பையிலிருந்த நோட்டைத் திறந்தாள். அதன் நடுவில் ஒரு ரோஸ் தாள் இருந்தது.

"போன வாரம் கவர்ல வந்தது இது. எப்ப எழுதினேன்னே ஞாபகம் இல்ல. யாரோ பஸ்ல பேசினதைக் குறிச்சிருப்பேன் போல. ஆடுற பஸ்ல எழுதினா என் கையெழுத்து எனக்கே அடையாளம் தெரியாது. கேளுங்க: 'அத்தான், பத்தொன்பதாம் தேதி வியாழக்கிழமை எனக்குக் கண் ஆபரேஷன். கூட ஓர் ஆள் இருக்க வேண்டுமாம். நீங்கள் வருவீர்களா? இஷ்டமில்லை என்றால் பதில் தேவையில்லை, இந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடவும். இப்படிக்கு.' அவ்வளவுதான். இப்படிக்குன்னு போட்டுட்டுப் பேரே இல்ல. அந்த இடத்துல எனக்குத் தூக்கிப் போட்டுது. பேர் போடக்கூட அவசியமில்லாத அளவுக்குப் பக்கத்துல இருக்கிற மனுஷன்கிட்ட, வர்றியான்னு வாயால கேக்க முடியாம ஒருத்தன் எழுதிக் கேக்கறான் பாருங்க."

பாக்கெட்டுக்காரர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

இஸ்திரிக்காரி அதைக் கவனிக்கவில்லை. "அப்புறம்? கதையில அந்த அத்தான் வர்றாரா?"

"தெரியாது. கதை அதுக்கு முன்னாடியே முடிஞ்சுடும். எழுதினவன் தினமும் விடியற்காலையில எழுந்து குப்பைக்கூடையைக் கிளறிப் பார்க்கறான்."

"எதுக்கு?"

"கிழிச்ச துண்டு கிடக்கான்னு. துண்டு கிடைக்காத வரைக்கும் அவனுக்கு நம்பிக்கை இருக்கு. தினமும் பார்க்கறான், தினமும் கிடைக்கல. அதோட விட்டுட்டேன்."

அவன் தேடியது பல் செட்டு இல்லை. கூடையின் முன்னால் குந்தியிருந்த முதுகு பாக்கெட்டுக்காரரின் கண்ணுக்குள் வந்தது. கதையில் அவனுக்குத் துண்டு கிடைக்கவில்லை. வீட்டில் கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை அவர் ஒரு சீட்டைக் கிழித்துப் போட்டிருந்தார், குழாய் வாஷர் பற்றிய சீட்டு. எழுத்துத் தெரியாத அளவுக்குப் பொடிப்பொடியாகக் கிழிப்பது அவர் பழக்கம். மங்கிய கண்ணுக்கு எல்லா ரோஸ் துண்டும் ஒரே துண்டுதான்.

சீட்டு எப்படிக் கை மாறியது என்பதும் அவருக்கு அங்கேயே விளங்கிவிட்டது. அதற்கும் முந்தின வெள்ளிக்கிழமை. கடை ஆட்களின் அழுக்கு மேல்கோட்டுகளைத் துவைக்கிற நாள். இவர் தன் கோட்டைச் சுருட்டித் துணிப்பையில் வைத்திருந்தார், மச்சினன் சீட்டை அதில் சொருகியிருக்கிறான். கடையில் அந்தக் கோட்டும் இந்தம்மாவின் பழுப்புக் கோட்டும் ஒரே குவியலில் கிடந்தன, சுருட்டிய கோட்டிலிருந்து சீட்டு நழுவியிருக்க வேண்டும். ரோஸ் பில்லின் பின்னால் பென்சில் எழுத்து என்றால் அது கதைக்காரம்மாவுடையது, இதில் பார்க்க என்ன இருக்கிறது? கை அது பாட்டுக்குக் கவரில் போட்டுவிட்டது. அடுத்தவர் காகிதமாச்சே என்று படிக்கவும் இல்லை. தனக்கு வந்த கடிதத்தை, பெரிய யோக்கியன் மாதிரி, படிக்காமல் வேறொருத்திக்குப் பட்டுவாடா செய்திருக்கிறார்.

"அம்மா" என்றார். "அது உங்க சீட்டு இல்ல."

"இல்லையா?"

"என்னுது. என் மச்சினன் எனக்கு எழுதினது. நான்தான் மாத்திப் போட்டுட்டேன். இருபத்தாறு வருஷத்துல இதுதான் முதல் தடவை. அந்த அத்தான் நான்தான்."

கதைக்காரம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. விரித்த பத்திரிகையை இரண்டு கையாலும் மறைத்தாள். "ஐயோ, நான் ஊரெல்லாம் படிக்கப் போட்டுட்டேனே. உங்க வீட்டு விஷயத்தை. நான் என்ன செய்யட்டும் சொல்லுங்க. அடுத்த வாரம் ஏதாவது மறுப்புப் போடச் சொல்லவா?"

வேறொரு நாளாக இருந்தால் பாக்கெட்டுக்காரர் நாக்கைச் சாட்டை போல வீசியிருப்பார். நான் அப்பவே நினைச்சேன் என்று ஆரம்பித்திருப்பார். அன்றைக்கு அவருக்கு நேரம் இல்லை.

"கதை உங்ககிட்டயே இருக்கட்டும். சீட்டைக் குடுங்க."

கொடுத்தாள். பத்திரிகையையும் அவரே எடுத்து மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "முதலாளி கேட்டா வயித்து வலின்னு சொல்லு" என்று இஸ்திரிக்காரியிடம் சொல்லிவிட்டு, மேல்கோட்டைக் கழற்றாமலே தெருவில் இறங்கிவிட்டார்.

வீடு நாலு தெரு தள்ளி, இரண்டாவது மாடி. படியேறி மூச்சு வாங்க நின்றபோது கதவு திறந்தே இருந்தது. மச்சினன் அறையில் பெட்டி வாய் பிளந்து கிடந்தது. அவன் ஒவ்வொரு சட்டையாக மூக்கு வரைக்கும் தூக்கிப் பார்த்துப் பார்த்து மடித்துக்கொண்டிருந்தான். வெள்ளைச் சட்டையா மஞ்சளா என்று தெரிவதற்கே அவ்வளவு தூரம் தூக்க வேண்டியிருந்தது. இத்தனை நாளாக இதைக்கூடப் பார்க்காமல் ஒரே கூரைக்கடியில் இருந்திருக்கிறோமே என்று இவருக்குச் சுருக்கென்றது.

தொண்டையைச் செருமினார். மூன்று வருஷமாகத் திறக்காத பூட்டு, கொஞ்சம் மக்கர் செய்தது.

"எத்தனை மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போகணும்?"

மச்சினன் கையில் இருந்த சட்டை அப்படியே நின்றது. திரும்பிப் பார்க்கவில்லை. "யாரு அது?" என்றான்.

"யாரா? உன் அக்கா புருஷன்."

"அவருக்குப் பேச்சு வராதே."

"குத்திக் காட்டாதே மாப்ளே. சீட்டு இன்னைக்குத்தான் என் கைக்கு வந்துச்சு."

"கதை விடாதீங்க அத்தான். துண்டு துண்டாக் கிழிச்சுப் போட்டிருந்ததை நான்தான் பார்த்தேனே."

"அது குழாய் வாஷர்டா, மடையா." அவர் சீட்டை எடுத்து அவன் மூக்குக்கு முன்னால் நீட்டினார். முழுசாக, ஒரு கிழிசல் இல்லாமல் இருந்தது. ஓரத்தில் கதைக்காரம்மா சிவப்புப் பேனாவால் ஒரு கோடு இழுத்திருந்தாள். நடந்ததைச் சொன்னார். சொல்லத் தெரியாமல் முன்னுக்குப் பின் சொன்னார், கவரில் ஆரம்பித்து, கோட்டுக்குப் போய், குப்பைக்கூடையில் வந்து விழுந்தார். மச்சினன் நம்பவில்லை. இந்தக் குடும்பத்தில் யாரும் எதையும் ஒரு தடவையில் நம்பியதில்லை. பத்திரிகையை விரித்ததும் அதை வாங்கி ஜன்னலோரம் போய், தாளை முகர்ந்து பார்ப்பவன் போலக் கண்ணுக்கு ஒட்ட வைத்து, வரிவரியாகப் படித்தான். வெகுநேரம் பிடித்தது. பாக்கெட்டுக்காரர் கட்டில் நுனியில் உட்கார்ந்து, பரீட்சை எழுதியவன் வாத்தியாரைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கூடையைக் கிளறினது இந்தம்மாவுக்கு எப்படித் தெரியும்?" என்றான் கடைசியில். "நீங்க சொன்னீங்களா?"

"எனக்கே தெரியாதே, நான் எங்க சொல்றது? நீ பல்லைத் தேடறேன்னு நினைச்சேன்."

"பல்லு என் வாயிலதான் இருக்கு."

"அதான் இப்பத் தெரியுதே, இவ்வளவு பேசறியே."

மச்சினனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்கப் பத்திரிகையை இன்னும் மேலே தூக்கினான். பிறகு தணிந்த குரலில் சொன்னான்: "சனிக்கிழமையே போன் பண்ணி ஆபரேஷன் வேண்டாம்னு சொல்லிட்டேன் அத்தான். சித்தப்பா மகன் வீட்டு மாடியில ஒரு ரூம் இருக்காம். அவன் பார்த்துக்கறேன்னான்."

"மாடியா? உன் கண்ணை வெச்சுக்கிட்டு பழக்கமில்லாத மாடிப்படி ஏறப்போறியா? திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணு."

போன் செய்தான். வியாழக்கிழமை இடத்தை வேறு யாருக்கோ கொடுத்தாயிற்று, இனிமேல் என்றால் மூன்று வாரம் கழித்துத்தான் என்றார்கள். பாக்கெட்டுக்காரர் போனை அவன் கையிலிருந்து பிடுங்கி, "கூட வர்ற ஆள் பேரை எழுதிக்கோங்க" என்று தன் பெயரைச் சொன்னார். இரண்டு தரம் சொன்னார். அந்தப் பக்கம் எழுதிக்கொண்டதைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் வைத்தார்.

இனிச் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அன்னைக்கு ஒண்ணு சொன்னேன்ல, என் வீடுன்னு. அதையும் கிழிச்சுப் போட்டுடு."

மச்சினன் பெட்டியில் மடித்து வைத்த சட்டைகளை எடுத்துக் கட்டிலில் போட்டான். "இந்தப் பெட்டியைத் திரும்பப் பரண்ல ஏத்தணும். எனக்குக் கண்ணு தெரியாது, நீங்கதான் ஏறணும்."

"எனக்கு முட்டி மடங்காது."

"அப்ப கட்டிலுக்கு அடியில தள்ளுங்க."

தள்ளினார்.

கதைக்காரம்மா அதற்குப் பிறகு கடைப்பக்கம் வரவே இல்லை. அன்றைக்கு அவள் துவைக்க விட்டுப்போன கோட்டு துவைத்து மாட்டியபடி கிடந்தது, டோக்கன் தேதி தாண்டி மூன்று வாரம் ஆயிற்று. பாக்கெட்டுக்காரர் கதவு திறக்கும்போதெல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தார். ஒருவருக்காக அவர் இப்படிக் காத்திருந்து இஸ்திரிக்காரி பார்த்ததில்லை. "என்ன பெரியவரே, கதை கேக்கப் பழகிட்டீங்களா" என்று சீண்டினாள்.

நாலாவது வாரம், ஒரு மத்தியானம் வந்தாள். குற்றம் செய்தவள் போல வாசலோடு நின்று டோக்கனை நீட்டினாள்.

"உள்ள வாங்க" என்றார்.

"எனக்கு உங்க முகத்தைப் பார்க்கவே கூச்சமா இருக்கு. இனிமே என் கையெழுத்துதானான்னு நல்லாப் பார்க்காம ஒரு வரி எடுக்க மாட்டேன். சத்தியமா."

"அப்படியெல்லாம் பண்ணிடாதீங்க."

அவள் விழித்தாள். பாக்கெட்டுக்காரருக்கு நன்றி சொல்லிப் பழக்கமில்லை. பொண்டாட்டிக்கே சொன்னதில்லை, அவள் சமைத்த சோற்றை மிச்சம் வைக்காமல் தின்றதோடு சரி. மேஜை மேல் இருந்த கவர்களை ஒழுங்கில்லாமல் அடுக்கினார், கலைத்தார்.

"இந்தாம்மா, எனக்குச் சுத்தி வளைச்சுப் பேச வராது. உங்களை நான் நம்பினதே இல்ல. ஒட்டுக்கேட்டுப் பொழைக்கிறவங்கன்னுதான் நினைச்சேன். ஆனா அந்தச் சீட்டு என் கையில ஒரு நாள் இருந்துச்சு. எனக்கு அது வெறும் ரோஸ் தாளு. உங்க கையில வந்தப்பதான் அதை எழுதினவன் மனுஷன் ஆனான். அவன் விடிஞ்சும் விடியாம என்ன செஞ்சிருப்பான்னு நீங்க உக்காந்து யோசிச்சிருக்கீங்க. ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு நான் யோசிக்கல. நீங்க மட்டும் அதை எடுக்காம விட்டிருந்தா, இந்நேரம் அவன் எங்கேயோ ஒரு மாடிப்படியில தடவிக்கிட்டு இருப்பான். ரொம்ப நன்றிம்மா."

சொல்லி முடித்ததும் வேர்த்துவிட்டது. கதைக்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, தொழில் புத்தி போகுமா, "ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதா? அவர் முதல்ல என்ன பார்த்தார், என்ன சொன்னார்?" என்றாள்.

"முந்தாநாள் கட்டு அவுத்தாங்க. என்னைத்தான் பார்த்தான். 'அத்தான், இவ்வளவு கிழவனாயிட்டீங்களா'ன்னான்."

"இதை எழுதிக்கலாமா?"

"எழுதிக்கங்க. அவனைக் கேட்டுட்டேன், நல்லாப் போடச் சொல்லுங்கன்னான். ஆனா போன ஞாயித்துக்கிழமை வந்த கதை சரியில்ல. நான்தான் வாசிச்சுக் காட்டினேன், எழுத்துக்கூட்டி வாசிக்க ரெண்டு மணி நேரமாச்சு. கடைசியில அந்தப் பொண்ணு ஏன் அழறான்னு ரெண்டு பேருக்குமே புரியல."

"எனக்கும் புரியலதான்" என்றாள் கதைக்காரம்மா.

பாக்கெட்டுக்காரர் சுவரில் மாட்டிய கடிகாரத்தைப் பார்த்தார், மூன்று நாற்பது. கோட்டையும் கவரையும் அவள் கையில் கொடுத்துவிட்டு, தன் நீலக் கோட்டைக் கழற்றத் தொடங்கினார்.

"நான் கிளம்பறேம்மா. நாலு மணிக்கு அவனுக்குச் சொட்டு மருந்து விடணும். ஒரு நிமிஷம் தப்பினாலும் கத்துவான், இப்பல்லாம் வாய் மூடறதே இல்ல."